மூன்றும் கையில் இருந்தும் ஏன் முடியவில்லை?

அன்புள்ள சார்,

2017-இல் அமெரிக்காவில் அதிபர் பதவி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளான செனட், பிரதிநிதிகள் சபை மூன்றுமே குடியரசுக் கட்சியிடம் இருந்தன. முன்னாள் அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரை ஒழிப்போம் என்று வருடக்கணக்காகப் பேசியவர்கள்தான், ஆனாலும் ஒழிக்க முடியவில்லை. 2025-லும் மூன்றும் அவர்களிடம்தான். அப்போது செலவு மசோதா நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் 43 நாள் முடங்கிக் கிடந்தன. நம் ஊரில் இப்படி ஒரு பெரும்பான்மை இருந்தால் மசோதா மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நிறைவேறிவிடும். டிரம்ப் அவ்வளவு பலமானவர் என்கிறார்கள். சொந்தக் கட்சிக்காரர்களைக்கூட அவரால் வழிக்குக் கொண்டுவர முடியாதா? சட்டம் நிறைவேறாவிட்டால் ஓர் ஆணையைப் போட்டுவிட்டுப் போகலாமே?

கே., மதுரை

அன்புள்ள கே.,

இரண்டு சம்பவங்களும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு. முதலாவதில் சொந்தக் கட்சியில் மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். இரண்டாவதில் கட்சி கிட்டத்தட்ட முழுதாக ஒரு பக்கம் நின்றும் எண்ணிக்கை போதவில்லை.

2017-ஐ முதலில் பார்ப்போம். குடியரசுக் கட்சிக்கு செனட்டில் 52 இடங்கள். அந்த மசோதாவுக்கு 50 ஓட்டு போதும், சமமாக வந்தால் துணை அதிபர் மைக் பென்ஸ் தன் ஓட்டைப் போட்டு முடித்துவிடுவார். அதாவது இரண்டு பேர் முரண்டு பிடித்தாலும் தாங்கும். அக்கட்சி செனட்டர்கள் சூசன் காலின்ஸ், லிசா முர்கௌஸ்கி இருவரும் எதிர்ப்பு என்பது முன்பே தெரியும். ஜூலை 28 நள்ளிரவு தாண்டி நடந்த வாக்கெடுப்பில் அதே கட்சியின் ஜான் மெக்கெய்ன் அவைக்கு நடுவே வந்து கட்டை விரலைக் கீழே காட்டினார். 49-51. மசோதா அங்கேயே முடிந்தது.

இதே வேலையை நம் மக்களவையில் ஒருவர் செய்தால், கொறடா உத்தரவை மீறினார் என்று கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போய்விடும். அமெரிக்காவிலும் கொறடா உண்டு. அவர் தலைகளை எண்ணுவார், கெஞ்சுவார், முறைப்பார், அவ்வளவுதான். மறுநாளும் மெக்கெய்ன் செனட்டர்தான், ராணுவ விவகாரக் குழுவின் தலைவர்தான். 2018 ஆகஸ்டில் இறக்கும்வரை அப்படியே இருந்தார்.

கட்சித் தலைமை அடுத்த முறை சீட் கொடுக்காதே என்று கேட்பீர்கள். சீட்டைக் கொடுப்பது தலைமையே இல்லை. பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலில் அந்தந்த மாநிலத்து வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். முர்கௌஸ்கியின் கதை இதில் தனிச் சுவை உள்ளது. 2010-இல் அலாஸ்காவில் அவர் பிரைமரியில் ஜோ மில்லர் என்பவரிடம் தோற்றார். கட்சி மில்லர் பக்கம் போய்விட்டது. இந்த அம்மா விடவில்லை. வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாவிட்டாலும் வாக்காளர் தாமே கைப்பட ஒரு பெயரை எழுதி ஓட்டுப் போடலாம் என்று அங்கே ஒரு வழி இருக்கிறது. முர்கௌஸ்கி என்பதை ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுதுவது லேசான காரியமில்லை. அதனால் பெயர் அச்சிட்ட கைப்பட்டிகளை ஊர் ஊராக விநியோகித்தார்கள். ஜெயித்துவிட்டார். எழுத்துப் பிழையுள்ள ஓட்டுகள் செல்லாது என்று மில்லர் நீதிமன்றம் போனதும் எடுபடவில்லை. இப்படிக் கட்சியை மீறி ஜெயித்து வந்தவரிடம் எந்த அதிபர் போய் என்ன மிரட்ட முடியும்?

ஆனால் இதே பிரைமரிதான் டிரம்பின் ஆயுதமும். கட்சியின் தீவிர வாக்காளர்கள் அவர் பக்கம் இருக்கிறார்கள், எதிர்த்தால் அடுத்த பிரைமரியில் தோற்கடிப்பார்கள் என்ற பயம்தான் பெரும்பாலோரை அடக்கி வைக்கிறது. வயோமிங் மாநிலத்தில் அவரை எதிர்த்த லிஸ் செனி 2022-இல் அப்படித்தான் தோற்றார். துணை அதிபராக இருந்த டிக் செனியின் மகள் என்பதும் அவருக்கு உதவவில்லை. ஆக, அதிபருக்குக் கட்சிமேல் பிடி இருக்கிறது, ஆனால் எல்லார் மேலும் ஒரே மாதிரி இல்லை.

சரி, 2025-க்கு வருவோம். இங்கே தடை 60 என்ற எண். செனட்டில் 100 பேர். ஒரு சாதாரண மசோதாவின் மீதான விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் சம்மதிக்க வேண்டும். ஃபிலிபஸ்டர் என்பது இதுதான். அரசியல் சாசனத்தில் இது கிடையாது. 1806-இல் அவை விதிகளைத் திருத்தியபோது விவாதத்தை நிறுத்தப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு பிரிவை விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளி வழியாக வளர்ந்த பழக்கம் இது. 1917-இல் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்றார்கள், 1975-இல் அதை 60 ஆக்கினார்கள். முன்பெல்லாம் நின்றுகொண்டே பேச வேண்டும், 1957-இல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி நேரத்துக்கு மேல் பேசினார். இப்போது அந்தச் சிரமமும் வேண்டாம், எதிர்ப்பு என்று சொன்னாலே போதும்.

2017 மசோதாவை வரவு செலவுக்கென்று இருக்கும் தனி வழியில் கொண்டுபோனதால் இந்த 60-இல் சிக்கவில்லை. வருடாந்தரச் செலவு மசோதாவுக்கு அந்த வழி பொருந்தாது. 53 இடங்கள் கையில், எதிர்த் தரப்பிலிருந்து மூன்று பேர் வந்தும் 60 வரவில்லை. ஒபாமாகேர் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால்தான் வருவோம் என்று ஜனநாயகக் கட்சியினர் உட்கார்ந்துவிட்டார்கள். ஆமாம், அதே ஒபாமாகேர்தான்.

நாடாளுமன்றம் ஒதுக்காமல் கஜானாவிலிருந்து ஒரு காசு எடுக்கக் கூடாது என்பது அரசியல் சாசன விதி. முன்பு ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. 1980-81-இல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, உயிரையும் உடைமையையும் காக்கும் வேலை தவிர மற்றதை நிறுத்த வேண்டும் என்று கருத்து எழுதினார். முடக்கம் என்பது அதிலிருந்து வந்த வழக்கம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வருவார்கள், செனட்டர்களுக்கு மட்டும் சம்பளம் நிற்காது.

அக்டோபர் கடைசியில் டிரம்ப் வெளிப்படையாகவே சொன்னார், இந்த 60 விதியை ஒழியுங்கள் என்று. விதியை மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் அவருடைய கட்சியின் செனட் தலைவர் ஜான் தூன் அதற்கு ஆதரவு இல்லை என்று கைவிரித்துவிட்டார். 2022 ஜனவரியில் அப்போதைய அதிபர் பைடனின் ஜனநாயகக் கட்சி இதே விதியைத் தளர்த்தப் பார்த்தபோது ஜோ மான்சின், கிர்ஸ்டன் சினிமா என்று சொந்தக் கட்சியின் இருவர் தடுத்தார்கள். நாளைக்குச் சிறுபான்மை ஆகிவிட்டால் நமக்கும் இது வேண்டுமே என்ற கணக்கு ஒன்று. என் பார்வையில் இன்னொன்றும் உண்டு: தேர்தலில் பெரிதாக வாக்குறுதி கொடுத்துவிட்டு, நாங்கள் தயார்தான், 60 வரவில்லையே என்று சொல்லித் தப்பிக்க இரு கட்சிக்கும் இது வசதி. கடைசியில் சொந்தக் கட்சியில் ஒருவர் எதிர்த்தும், எதிர்த் தரப்பிலிருந்து எட்டுப் பேர் வர, சரியாக 60 ஓட்டு சேர்ந்தது. நவம்பர் 12-இல் முடக்கம் தீர்ந்தது.

அப்புறம், ஆணை போடலாமே என்றீர்கள். போடுகிறார்கள், ஏராளமாக. ஆனால் ஒதுக்காத பணத்தை அதிபரின் ஆணையால் எடுக்க முடியாது, நீதிமன்றம் நிறுத்தி வைக்கலாம், அடுத்து வருபவர் ஒரு கையெழுத்தில் அழிக்கலாம். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் ஒபாமா 2016-இல் செனட்டுக்குப் போகாமலே அமெரிக்காவைச் சேர்த்தார். டிரம்ப் வெளியே எடுத்தார். பைடன் 2021-இல் பதவியேற்ற அன்றே திரும்பச் சேர்த்தார். 2025 ஜனவரி 20-இல், தாமும் பதவியேற்ற அன்றே, டிரம்ப் மறுபடி விலகும் ஆணையில் கையெழுத்துப் போட்டார்.