500 வெள்ளியும் அடைமழையும்: வீட்டுக்கு உழைப்பு, காருக்குப் பணம்

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒற்றை மாடி டெரஸ் வீட்டில் இருக்கிறோம். வங்கிக் கடனில் வாங்கிய வீடு. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மழை வந்தால் முன்னறைச் சீலிங்கில் ஈரம் படிகிறது. போன வருடம் ஒரு நாள் தண்ணீர் வாசற்படி வரை வந்துவிட்டது. எட்டு வருட மைவி கார் ஒன்று இருக்கிறது. டயர் தேய்ந்துவிட்டது என்று பட்டறையில் சொல்கிறார்கள். தீபாவளிச் செலவு போக 500 வெள்ளிதான் ஒதுக்க முடியும். எதை முதலில் செய்வது?

பதில்: சகோதரி, அந்த 500 வெள்ளியில் வீட்டுக்கு 50 வெள்ளிக்கு மேல் செலவழிக்காதீர்கள். மீதியைக் காருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் ஒழுகும் வீட்டுக்காரருக்கு இது தலைகீழாகத் தெரியலாம். வெள்ளம் வடிந்த பிறகு வீடு வீடாகப் போய்ச் சேதத்தைக் கணக்கிடுவதுதான் என் தொழில். நான் பார்த்த வீட்டுச் சேதங்களில் பலவற்றை ஒரு சனிக்கிழமை உழைப்பே தடுத்திருக்கும். தேய்ந்த டயரை அப்படி உழைத்துச் சரிசெய்ய முடியாது.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் என்றால் டிசம்பர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை கிளந்தானையும் திரெங்கானுவையும் உலுக்குவதைச் செய்தியில் பார்த்துப் பார்த்து வந்த எண்ணம் அது. பினாங்கில் கனமழை செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. 2017 நவம்பர் 4 சனிக்கிழமை இரவு விடியவிடியக் கொட்டிய மழையில் ஏழு பேர் இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 15ஆம் தேதியும் தீவின் பல பகுதிகள் மூழ்கியிருந்தன.

உங்கள் பகுதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜெலுத்தோங்கும் சுங்கை பினாங்கு ஓரமும் தாழ்வான நிலம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. ஜாலான் பி. ரம்லீ பக்கம் அடிக்கடி தண்ணீர் தேங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால், கனமழைக் காலமும் கடலேற்றமும் பண்டிகை வாரத்தில் கைகோத்துவிடும். சாமி அறையில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அந்த நாட்களில் காரைத் தாழ்வான இடத்தில் விட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

இப்போது சீலிங். ஈரம் அறையின் ஓரத்தில், வாசல் பக்கமாக இருக்கிறதா? பக்கத்து வீட்டோடு சேரும் சுவர் ஓரமாக இருக்கிறதா? வாசல் பக்கம் என்றால் பெரும்பாலும் மழைநீர்த் தகரம்தான் காரணம். தகரத்தில் இலை அடைத்தால் தண்ணீர் முன்பக்கம் வழிவதோடு நிற்காது. பின்விளிம்பைத் தாண்டி ஓட்டுக்கு அடியில் புகுந்து சீலிங் பலகைமேல் தேங்கும். ஒரு தீபாவளிக்கு மறுநாள் நான் போய்ப் பார்த்த வீட்டில், பண்டிகைக்கு வாங்கிய சோபாமேல் முழுப் பலகையும் ஊறி விழுந்து கிடந்தது. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர்கள் இன்னும் கழற்றவில்லை. ஏணி வைத்து ஏறி, இறங்கு குழாயின் வாய்க்குள் கைவிட்டேன். மாவிலைகள் அப்பளமாக ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கு அடியில் குழாய்க்கு மூடி போட்டதுபோல ஒரு இறகுப்பந்து. பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது கூரைமேல் போனதாக இருக்கும். அதை எடுத்ததும் தேங்கிய தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அந்த வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

தீபாவளிக்கு வீட்டைக் கழுவத்தான் போகிறீர்கள். அதே நாளில் இதையும் முடித்துவிடுங்கள். உங்களுடையது ஒற்றை மாடி என்பதால் சாதாரண ஏணி போதும். கணவர் ஏறட்டும், ஒருவர் கீழே நின்று ஏணியைப் பிடிக்க வேண்டும். ஓட்டின்மேல் கால் வைக்க வேண்டாம். பழைய ஓடு உடைந்தால் புது ஒழுக்கு வந்துவிடும். இலையையும் சேற்றையும் கையால் வாரி ஒரு சாக்கில் போட்டுவிட்டு, தகரத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கீழே பாருங்கள். குழாய் வழியாகச் சட்டென்று வெளியே வந்தால் வேலை முடிந்தது. சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயில் அடைப்பு. தகரத்திலேயே குளம்போல நின்றால் அது தொய்ந்திருக்கிறது, பிடிப்புக் கம்பியை இறுக்க வேண்டும். தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும் என்பதால், டெங்கிக்காகவும் இது வேண்டிய வேலைதான். டெரஸ் வரிசையில் தகரம் பக்கத்து வீட்டோடு தொடர்ந்து ஓடும். அவர்களையும் கூப்பிட்டுச் சேர்ந்து செய்யுங்கள். உங்கள் பக்கம் மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை.

ஈரம் பொதுச்சுவர் ஓரமாக இருந்தால், கூரையும் சுவரும் சேரும் இடத்தில் சிமெண்ட் பூச்சு விரிந்திருக்கும். கார் நிற்கும் முன்கூரைத் தகடு சுவரில் சேரும் இடத்திலும் இது நடக்கும். ஹார்ட்வேர் கடையில் வெளிச்சுவருக்கான பாலியூரித்தேன் சீலண்ட் குழாய் ஒன்று வாங்குங்கள். குளியலறைக்குப் போடும் சாதாரண சிலிகான் சிமெண்ட் சுவரில் சரியாகப் பிடிக்காமல் உரிந்துவிடும். விரிசலைச் சுரண்டித் தூசி தட்டி, வெயிலில் ஒரு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். ஈரச் சுவரில் பூசினால் ஒட்டவே ஒட்டாது. வீட்டுக்கு நான் சொன்ன 50 வெள்ளியில் பெரும்பகுதி இதற்குத்தான்.

வாசற்படிக்கு 10 கிலோ அரிசிச் சாக்குகளை எடுத்து வையுங்கள். பாதி அளவுக்கு மட்டும் மண் போட்டுக் கட்டுங்கள். முழுக்க நிரப்பினால் விறைத்துக்கொண்டு இடைவெளி விடும், பாதி நிரப்பினால் ஒன்றோடொன்று படிந்து அமரும். கதவுக்கு வெளியே தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி மாற்றி அடுக்குங்கள். அநேகர் மறப்பது குளியலறைத் தரைத்துளை. லொங்காங் (வீட்டோரச் சாக்கடை) நிரம்பினால் தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் முதலில் வீட்டுக்குள் வரும். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி இறுக முடிந்து துளைமேல் வையுங்கள், அதன்மேல் ஒரு மண்சாக்கு. வீட்டு முன்னால் ஓடும் லொங்காங்கில் குப்பையை அள்ளிவிட்டு, சமையல் எண்ணெயை அதில் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தெருவின் பெரிய கால்வாய் அடைத்திருந்தால் மாநகர் மன்றத்திடம் படத்தோடு புகார் கொடுங்கள்.

தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பலகைகளை மேசைமேல் ஏற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியை நான்கு செங்கல்மேல் வையுங்கள். மெயின் பெட்டியில் உள்ள ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள், அதற்கு மட்டும் பட்ஜெட் பார்க்காதீர்கள். தண்ணீர் பிளக்கை எட்டும் முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு எதையும் தொடக்கூடாது.

காருக்கு வருகிறேன். டயரைப் பட்டறைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர், அதாவது சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. மழைச் சாலைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் ஈரத்தில் பிரேக் தூரம் நீளத் தொடங்கிவிடும். சாலைத் தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் போதாமல் டயர் தண்ணீர்மேல் மிதக்கும், ஸ்டீயரிங் கையில் வெறுமையாகிவிடும். துன் டாக்டர் லிம் சோங் யூ நெடுஞ்சாலையில் மழையில் ஒருமுறை அதை உணர்ந்தவர் மறக்க மாட்டார்.

நான்கும் மாற்றக் காசு போதாது. மோசமான இரண்டை மாற்றுங்கள். மைவி அளவுக்கு ஒன்று 150 வெள்ளி அளவில் பார்க்கலாம், இரண்டுக்கு 300. புதிய டயர் இரண்டையும் பின்சக்கரத்தில் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று கடைக்காரர் முன்னால் மாட்டப் பார்ப்பார். முன்டயர் வழுக்கினால் கார் நேராகத்தான் போகும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பக் கிடைக்கும். பின்டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. செகண்ட் ஹேண்ட் டயர் வேண்டவே வேண்டாம். புதியது என்று தருவதிலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்த டயர். காற்றை எண்ணெய் நிலையத்தில் இலவசமாக அடிக்கலாம், டயர் சூடேறும் முன்பு காலையில் அடியுங்கள். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கும்.

வைப்பர் ரப்பர் கோடு கோடாகத் துடைத்தால் மாற்றுங்கள், 25 வெள்ளிக்குள் முடியும். பெருமழையில் ஹெட்லைட்டைப் போடுங்கள். நான்கு பக்கமும் மின்னும் ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும்.

மீதியில் 125 வெள்ளி காப்புறுதிக்கு. முழுக் காப்புறுதி இருந்தால் வெள்ளச் சேதம் தானாக அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான பாலிசியில் அடங்காது. ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். காப்புறுதித் தொகையில் அரை விழுக்காடு என்று வைத்தால், 25,000 வெள்ளிக் காருக்கு ஆகும் செலவுதான் அந்த 125 வெள்ளி. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், குறைவாகவும் கிடைக்கும். ரோட்டேக்ஸ் (சாலை வரி) புதுப்பிக்கும் தேதி வரை காத்திராமல் நடுவில் சேர்க்க முடியுமா என்று இந்த வாரமே ஏஜெண்டிடம் கேளுங்கள். ஆறேழு வருடம் கட்டி முடித்த கார் ஒரே இரவில் போய், கையில் பாலிசியை வைத்துக்கொண்டு என் முன்னால் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கார் தண்ணீரில் மூழ்கிவிட்டால் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் செய்த கணத்தில் உள்ளே கம்பி வளைந்துவிடும், சில ஆயிரம் வெள்ளி வேலை. தண்ணீர்க் கோடு தெரியும்படி உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்துவிட்டு, இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.

வீட்டுக் கடனோடு வங்கி எடுத்துத் தந்த பாலிசியையும் வெளியே எடுத்துப் படியுங்கள். வெறும் தீக்காப்புறுதி என்றால் அதிலும் வெள்ளம் இருக்காது. அடுத்த புதுப்பிப்பில் வெள்ளத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாமியாரின் பத்து நாள் மருந்து, எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரங்கள், வீட்டுப் பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரி உச்சியில் வையுங்கள். தண்ணீர் ஏறுகிறது என்றால் முதலில் வெளியேற வேண்டியவர் அவர்தான். எந்த உறவினர் வீட்டுக்கு, யார் தூக்கிக்கொண்டு போவது என்பதை இப்போதே பேசி வையுங்கள். மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியைக் கைபேசியில் போட்டு, ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனே காரை மேட்டுக்கு நகர்த்துங்கள், சிவப்பு வரும்வரை நிற்க வேண்டாம்.

வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகும் சீலிங் ஈரம் காயவில்லை என்றால், ஈரத்தின் படத்தையும் கூரையின் படத்தையும் அனுப்புங்கள்.