17 டாலர் கிடார்: லொரெட்டா லின் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கன்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புறப் பாணி இசை) பாடகி லொரெட்டா லின் உண்மையிலேயே அவ்வளவு ஏழைக் குடும்பமா?

பதில்: ஆமாம். 1932-இல் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில், புட்சர் ஹாலோ என்ற இடத்தில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாவது. வீட்டுச் சுவரில் அம்மா பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைத்திருந்தார். அதிலிருந்த நடிகை லொரெட்டா யங்கின் படத்தைப் பார்த்துத்தான் மகளுக்கு இந்தப் பெயர்.

கேள்வி: 13 வயதில் கல்யாணம் என்கிறார்களே?

பதில்: அவரே அப்படித்தான் சொல்லிவந்தார். 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆவணங்களை எடுத்துப் பார்த்தபோது 15 என்று தெரிந்தது. அதுவும் குழந்தை வயதுதானே! 20 வயதில் நான்கு பிள்ளைகள்.

கேள்வி: அப்புறம் எப்போது பாட ஆரம்பித்தார்?

பதில்: கல்யாணத்துக்குப் பிறகு நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டர் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். வீட்டில் அவர் பாடுவதைக் கேட்ட கணவர் ஆலிவர், 1953-இல் 17 டாலருக்கு ஒரு ஹார்மனி கிடார் வாங்கிக் கொடுத்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வீட்டு வேலைக்கு நடுவே தானாகவே வாசித்துப் பழகினார்.

1960-இல் ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. விளம்பரத்துக்குப் பணம் ஏது? கணவனும் மனைவியும் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ரேடியோ நிலையங்களுக்குப் போனார்கள். காரிலேயே தூக்கம். "இதை ஒரு தடவை போடுங்கள்" என்று நேரில் கேட்டார்கள். அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. அதே வருடம் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓலே ஓப்ரி மேடையிலும் பாடிவிட்டார். அந்தக் கார் பயணம் இல்லையென்றால் லொரெட்டா இல்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் கணவர் நல்லவர்தானா?

பதில்: ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. குடி, வேறு பெண்களோடு பழக்கம், வீட்டில் அடிதடி எல்லாம் இருந்தது. லொரெட்டா எதையும் மறைக்கவில்லை, பாட்டாகவே எழுதினார். குடித்துவிட்டு ஆசையோடு வீட்டுக்கு வராதே என்று கணவனை எச்சரிக்கும் பாட்டுதான் 1967-இல் அவருக்கு முதல் முதலிடத்தைக் கொடுத்தது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருதை 1972-இல் வாங்கினார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

கேள்வி: அப்பா இதையெல்லாம் பார்த்தாரா?

பதில்: இல்லை. முதல் இசைத்தட்டுக்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். 1970-இல் வந்த 'நிலக்கரித் தொழிலாளியின் மகள்' பாட்டில் அவரைப் பற்றியும், துணி துவைத்துத் துவைத்து ரத்தம் கசிந்த அம்மாவின் விரல்களைப் பற்றியும் பாடினார். நீளம் அதிகம் என்று தயாரிப்பாளர் சில சரணங்களை வெட்டிவிட்டார். எனக்கு அதில் இன்னமும் வருத்தம்தான்.