அப்டேட் முடிந்ததும் 'கிரப் ரெஸ்க்யூ' வந்து நிற்கிறதா?

கேள்வி: பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் உபுண்டு ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்துவிட்டு, பழையதை ஃபார்மேட் செய்து டேட்டாவுக்காக உள்ளேயே வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் கழித்து அப்டேட் போட்டு ரீபூட் செய்தால், 'சிம்பல் கிரப்_காலாக் நாட் ஃபவுண்ட்' என்று காட்டி 'கிரப் ரெஸ்க்யூ'வில் நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் உபுண்டுவை எழுப்பிவிடும் சின்ன புரோகிராம்தான் கிரப். அதனால் முழுதாகக் கிளம்ப முடியாதபோது 'கிரப் ரெஸ்க்யூ'வில் நின்றுவிடும். பயாஸ் மெஷினில் கிரப் ஒரே இடத்தில் இருப்பதில்லை. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் ஒரு துளி, அதையடுத்து முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள காலி இடத்தில் அதன் மையப்பகுதி, மீதி மாட்யூல்கள் (துணைத் துண்டுகள்) எல்லாம் பூட் ஃபோல்டரில். மையப்பகுதியும் மாட்யூல்களும் ஒரே வெர்ஷனாக இருந்தாக வேண்டும். 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' பாதுகாப்பு ஓட்டையை அடைத்தபோது புதிதாகச் சேர்த்ததுதான் இந்த கிரப்_காலாக். புது மாட்யூல் அதைக் கூப்பிடுகிறது, பழைய மையப்பகுதிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, மையப்பகுதி மட்டும் ஏன் பழசாகவே இருக்கிறது? எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்பதை உபுண்டு டிஸ்க்கின் அடையாள எண்ணோடு குறித்து வைத்திருக்கும், நீங்கள் க்ளோன் செய்தபோது அந்தக் குறிப்பும் பழைய டிஸ்க்கின் எண்ணோடு அப்படியே வந்துவிட்டது. அதனால் அப்டேட் புது மையப்பகுதியைப் பழைய டிஸ்க்கில் எழுதியிருக்கும், பயாஸோ எஸ்எஸ்டியிலிருந்து கிளம்புகிறது.

அப்படியென்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள்: பூட் மெனுவில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் உபுண்டு எழுந்துவிடும். எழுந்ததும் டெர்மினலில் 'சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி' கொடுங்கள். ஒன்றிரண்டு கேள்விகளுக்கு என்டர் தட்டினால் டிஸ்க் பட்டியல் வரும், இங்கேதான் கவனம் வேண்டும்: எஸ்எஸ்டி வரிக்குப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் நட்சத்திரக் குறி விழும், வெறுமனே என்டர் தட்டினால் அது தேர்வாகாது. எஸ்டிஏ1 மாதிரி கடைசியில் எண் வருவது பார்ட்டிஷன், அதைத் தொடாதீர்கள், முழு டிஸ்க்தான் வேண்டும்.

எழவில்லையா? லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டு ஓடும் பென் டிரைவ்) பூட் செய்து, எஸ்எஸ்டியின் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் என்ற மூன்று சிஸ்டம் ஃபோல்டர்களையும் அதனோடு பைண்ட் செய்து (இணைத்து), சிஎச்ரூட் வழியாக எஸ்எஸ்டியில் உள்ள உபுண்டுவுக்குள் நுழைந்து இதே கட்டளையைக் கொடுங்கள்.

யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புது முறை) மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த பலருக்கு வந்த 'எஸ்பிஏடி' பிழை வேறு விஷயம், அதற்கு செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் புரோகிராமை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) தற்காலிகமாக அணைத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். டேட்டா டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை என்று கொஞ்சம் தாமதித்தாலும் பரவாயில்லை, கிரப் மெனு வந்துவிட்டால் எஸ்எஸ்டி இனி சொந்தக் காலில் நிற்கும்.