ரெட்மி நோட் 4 லோகோவிலேயே சுற்றுகிறதா? போர்டு போகவில்லை

வணக்கம் நண்பரே. லினேஜ் ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளம்) ஏற்றியதிலிருந்து லோகோ மட்டும் சுற்றுகிறது, மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் போர்டு போச்சு என்றார்கள், பாப்பாவின் படங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன என்று எழுதியிருந்தீர்கள். ரெக்கவரி, அதாவது போன் முழுதாகத் தொடங்காமலே வரும் பழுதுபார்ப்புத் திரை, திறக்கிறது அல்லவா? அப்படியானால் போர்டுக்குச் செலவு செய்யாதீர்கள்.

நீங்கள் செய்தது வெறும் வைப் (செயலிகளையும் அமைப்புகளையும் துடைப்பது). எம்ஐயுஐ (போனோடு வந்த ஷாவ்மி மென்பொருள்) போட்ட என்கிரிப்ஷன் பூட்டு, அதாவது தரவைக் குறியாக்கி வைக்கும் பூட்டு, அதில் போகாது. புது ரோமால் (நீங்கள் ஏற்றிய இயங்குதளத்தால்) அதைத் திறக்க முடியாமல்தான் இந்தச் சுற்றல் என்று நினைக்கிறேன். ஆனால் அதே வைப், படங்கள் இருக்கும் உள் சேமிப்பையும் தொடாது. அதனால் முதலில் படங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

டிடபிள்யூஆர்பி (TWRP) ரெக்கவரியில் கடவுச்சொல் கேட்டால் பழைய பேட்டர்னைப் போடுங்கள். கோப்புகள் பெயரோடு தெரிந்தால் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். இது முடியும்வரை ஃபார்மட் பக்கம் போகவே வேண்டாம்.

பிறகு, பூட்டோடு உள்ளிருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபார்மட் டேட்டா கொடுத்து, 'யெஸ்' என்று டைப் செய்து, ரெக்கவரியையே ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். அடுத்து ரோம், உடனே ஜிஆப்ஸ் (பிளே ஸ்டோர் போன்ற கூகுள் செயலிகளின் தொகுப்பு). ஜிஆப்ஸ் அதே ஆண்ட்ராய்டு பதிப்புக்கான ஆர்ம்64 (இந்த போனின் செயலி வகை, ARM64) கோப்பாக இருக்க வேண்டும். போன் முதல்முறை தொடங்குவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். முதல் தடவை கால் மணி நேரம்கூட ஆகலாம், பொறுங்கள்.

பூட்லோடர் (போனைத் தொடங்கிவைக்கும் நிரல்) பூட்டு திறந்த போனில் சில வங்கிச் செயலிகள் ஓடாது. அம்மா பணம் அனுப்புவது இதில்தான் என்றால், முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.