காணி கேள்வி–பதில்: உறுதியில் ‘கும்புர’ என்று எழுதியிருந்தால்

கொட்டிகாவத்தையில் 10 பேர்ச் காணி பார்த்திருக்கிறோம். 2016 வெள்ளத்தில் தண்ணீர் கேட் வரைக்கும்தான் வந்தது, உள்ளே வரவில்லை என்கிறார் தரகர். காணி உறுதிப் பத்திரம் சிங்களத்தில் இருக்கிறது, எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அட்வான்ஸ் கொடுக்க முதல் இதை எப்படிச் சரிபார்ப்பது?
— வாசகி, கொட்டாஞ்சேனை

உறுதியிலிருந்தே தொடங்குங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரை வைத்து, கடைசிப் பக்கங்களில் காணியை விவரிக்கும் அட்டவணையை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அதில் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். கொஸ்கஹவத்த, தெல்கஹகும்புர, அம்பகஹஓவிட்ட என்ற மாதிரி. முன்பாதி பெரும்பாலும் ஏதாவது ஒரு மரம், அதை விட்டுவிடுங்கள். பின்பாதிதான் விஷயம். ‘வத்த’ என்றால் தோட்டம், பெரும்பாலும் மேட்டு நிலம். ‘கும்புர’ வயல். ‘தெனிய’ இரண்டு மேடுகளுக்கு நடுவே கிடக்கும் ஈரத் தாழ்நிலம். ‘ஓவிட்ட’ ஆற்றோரத்தில் அல்லது வயலோரத்தில் சற்றே உயர்ந்த நிலம். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு விற்கிற அவசரம் இருக்கவில்லை. அதனால் தரகரின் வாயைவிட அதை நம்பலாம்.

நான்கு எல்லைகளையும் அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ‘எல’ என்று வந்தால் அங்கே வாய்க்கால் ஓடியது. இப்போது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மழைநீர் அந்த வழியை மறப்பதில்லை. புதிய பிளானில் (நில அளவை வரைபடத்தில்) பழைய பெயர் சில வேளை விடுபட்டுப்போகும். உறுதியில் குறிப்பிட்டிருக்கும் முந்தைய பிளானையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பெயர் சேர்ந்து வந்தால், உதாரணமாக ‘வத்த’வும் ‘கும்புர’வும், உங்கள் லொட் (காணித் துண்டு) எந்தப் பாதியில் விழுகிறது என்பதை நில அளவையாளர் பழைய பிளானை மேலே வைத்துக் காட்டவேண்டும்.

அடுத்தது அயல். காணி விற்காத, நாலு வீடு தள்ளி இருப்பவரிடம் போங்கள். “தண்ணி வந்ததா?” என்று கேட்காதீர்கள், “கொஞ்சம்” என்றுதான் பதில் வரும். “2016 மே மாதம் எத்தனையாவது படி வரைக்கும், எத்தனை நாள் நின்றது?” என்று கேளுங்கள். பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தையும் அதே மாதிரி விசாரியுங்கள். வயதானவர் என்றால் 1989 ஜூனையும் கேட்கலாம். சுவரில் கறை இருந்தால் காட்டுவார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் மீற்றர் பெட்டியின் பின்புறம், கதவு நிலையின் அடி, மதிலின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களைப் பாருங்கள். அங்கே பெயின்ட் அடிக்க யாரும் மினக்கெடுவதில்லை.

அந்தக் கறையை உங்கள் காணிக்குக் கொண்டுவர ஒரு மேசன் போதும். அவரிடம் தெளிவான பிளாஸ்டிக் மட்டக் குழாய் இருக்கும். தண்ணீர் நிரப்பி, முதலில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடியுங்கள். நீர் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது, அதை வெளியேற்றாமல் அளந்தால் கணக்குப் பிழைக்கும். பிறகு ஒரு முனையில் நீர் மட்டம் அயல் சுவரில் உள்ள கறைக்கு நேரே நிற்கும்படி பிடித்து, மறுமுனையை உங்கள் காணியில் நட்ட கம்போடு சேர்த்துப் பிடித்து, நீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து தரைவரை அளந்தால் அன்று அங்கே நின்ற வெள்ளத்தின் ஆழம் கிடைக்கும். காணியின் நான்கு மூலையிலும் செய்தால் அரை மணித்தியாலம் போகும். குழாய் எட்டாத தூரம் என்றால் நடுவில் ஒரு கம்பம் நட்டு இரண்டு தடவையாக எடுக்கலாம். கூகுள் ஏர்த் காட்டும் உயரத்தை இதற்குப் பயன்படுத்தவேண்டாம். அதில் மீற்றர் கணக்கில் பிழை வரும், உங்களுக்குத் தேவை அங்குலக் கணக்கு. ஆனால் அதே கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். பச்சையாகக் கிடந்த இடம் எந்த ஆண்டில் செம்மண் நிறமானது என்பது அங்கே தெரிந்துவிடும்.

இரண்டு வகை வெள்ளத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். களனி கங்கை பெருகுவது ஒன்று. ஆற்றின் மேற்பகுதியில் கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல நீர்மட்ட அளவீடுகள் ஏறுவதைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம், ஆனால் வந்தால் நாட்கணக்கில் நிற்கும். கொழும்பில் ஆற்று மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 2016இல் அது 7 அடியைத் தாண்டியது. மற்றது ஒரு மணிநேர மழைக்கு ஒழுங்கை நிரம்புவது. அதற்குக் காரணம் ஆறல்ல, அடைபட்ட மதகு. இது சில மணிநேரத்தில் வடியும், ஆனால் ஆண்டுக்குப் பல தடவை வரும். முதலாவதற்குக் காணியின் மட்டத்தையும், அது வெள்ளத் தடுப்பு அணையின் ஆற்றுப் பக்கமா ஊர்ப் பக்கமா என்பதையும் பாருங்கள். இரண்டாவதற்கு, பெருமழை பெய்து முடிந்த கையோடு குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் போய் நில்லுங்கள்.

எழுத்தில் வேண்டுமென்றால், அந்த ஒழுங்கையில் எத்தனை வீடுகளுக்கு வெள்ள நட்டஈடு வழங்கப்பட்டது என்று பிரதேச செயலகத்திடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும்.

வத்தளைப் பக்கம் ஒரு தாழ்ந்த காணி மலிவாகக் கிடைக்கிறது. 3 அடி கிரவல் போட்டு உயர்த்தினால் சரிதானே?
— வாசகர், மாபோல

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பேர்ச் என்றால் 2,722 சதுர அடி. 3 அடி உயர்த்த 8,167 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 82 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). இறுக்கினால் மண் அமுங்கும், கால் பங்கு கூட்டி 100 கியூப் என்று வையுங்கள். 3 கியூப் டிப்பரில் 34 லோட். அந்தக் காசையும் சேர்த்த பிறகு காணி இன்னும் மலிவா?

செலவைவிடப் பெரிய சிக்கல் கீழே இருக்கிறது. முத்துராஜவெல, கொலன்னாவ, பெல்லன்வில–அத்திடிய சுற்றுப்புறங்களில் பல இடங்களில் மண்ணுக்கு அடியில் சதுப்புக்கரி இருக்கிறது. அழுகிய செடிகொடிகள் நீரில் ஊறி உண்டான, கறுத்த, பஞ்சு போன்ற மண். 3 அடி கிரவலின் பாரத்தை ஏற்றினால் அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அமுங்கும். வீடு முழுவதும் ஒரே அளவாக இறங்கினாலாவது பரவாயில்லை. ஒரு மூலை கூட, ஒரு மூலை குறைய இறங்குவதால்தான் சுவர் சாய்வாக வெடிக்கிறது. அயலில் பாருங்கள்: வாசற்படி வீட்டிலிருந்து விலகி நிற்கிறதா, மதில் அலையலையாகப் போகிறதா, கேட் தூண்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கின்றனவா? மூன்றில் ஒன்று இருந்தாலும் மண் பரிசோதனை இல்லாமல் கை வைக்காதீர்கள்.

உரிமையாளர் சம்மதித்தால் முதலில் 6 அடிக் குழி ஒன்று வெட்டிப் பாருங்கள். மேலே செம்மண், கீழே கறுப்பு மண், அழுகிய முட்டை நாற்றம் என்றால் விடை கிடைத்துவிட்டது. அதற்குமேல் கட்டத்தான் வேண்டும் என்றால், துளையிட்டு எடுத்த மண் அறிக்கையைப் பொறியியலாளர் பார்த்து பைலிங் (ஆழத்தில் இறக்கும் தூண் அத்திவாரம்) தேவையா என்று சொல்லட்டும். காணி காய்ந்துபோய்க் கிடந்தாலும் ஓரத்தில் கோரை, கொஹில, கங்குன் போன்ற ஈரநிலச் செடிகள் தானாக முளைத்திருந்தால் நீர் மட்டம் காலடியில்தான் இருக்கிறது.

நிரப்புவதற்கு அனுமதியும் வேண்டும். தாழ்நிலம் என்றால் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும், வயல் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்திடமும் எழுத்தில் பெறவேண்டும். “ஏற்கெனவே நிரப்பியாச்சு” என்று விற்பவர் சொன்னால் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால், வீட்டுப் பிளானை நகர சபையிலோ பிரதேச சபையிலோ கொடுக்கும் நாளில் அவருடைய தலைவலி உங்களுடையதாகும்.

நொத்தாரிசு 30 வருடப் பதிவைத் தேடிப் பார்த்து “கிளியர்” என்கிறார். இனிப் பயமில்லையா?
— வாசகர், வெள்ளவத்தை

பதிவகத்தில் தெரிவது கைமாற்றங்கள், அடமானம், வழக்கு. அந்த வேலையை அவர் செய்துவிட்டார். வீதி அகலிக்கும் திட்டம் அதில் தெரியாமல் போகலாம். நகர சபையிலோ பிரதேச சபையிலோ வீதி எல்லைச் சான்றிதழும் கட்டிட எல்லைச் சான்றிதழும் எடுங்கள். முன்பக்கம் 6 அடி வீதிக்குப் போகிறது என்று வந்தால் அந்த 6 அடிக்கும் நீங்கள் காசு கொடுக்கப்போகிறீர்கள். காணி சபைக்கு உரித்தாகவில்லை என்ற சான்றிதழையும் கூடவே கேளுங்கள். பிறகு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் (அரசு பொதுத் தேவைக்குக் காணி எடுக்க நினைப்பதன் முதல் அறிவித்தல்) அந்த இடத்துக்கு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பிரித்து விற்கும் காணி என்றால் சபை அங்கீகரித்த பிரிப்பு பிளான் இருக்கவேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரதேசங்களில் 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்கு வழமையாக அங்கீகாரம் கிடைக்காது. ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று உறுதியில் இருந்தால் உங்கள் வேலிக்குள் இருக்கும் மண் எது என்றே சட்டப்படி தீர்மானமாகவில்லை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. உள்ளே போகும் பாதையும் உங்கள் அட்டவணையில் லொட் இலக்கத்தோடு எழுதப்பட்டிருக்கவேண்டும். “எல்லாரும் போறவைதானே” என்ற பேச்சு உரிமையாகாது.

வெள்ளம் தவிர வேறு எதைப் பார்க்கவேண்டும்?
— வாசகி, தெஹிவளை

காணியைச் சுற்றி ஒரு கிலோமீற்றர் நடவுங்கள். மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016 ஜூன் 5 அன்று கொஸ்கம சாலாவ முகாமின் ஆயுதக் கிடங்கு வெடித்தபோது அயல் வீடுகள் நொறுங்கின. இரண்டும் மறைந்து கிடந்தவையல்ல, போகிறவர் வருகிறவர் கண்ணில் பட்டவைதான். உயரழுத்த மின்கம்பி தலைக்குமேல் போனால், எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை அந்தக் கம்பிக்குப் பொறுப்பான மின்சார நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அவிசாவளை, பாதுக்கைப் பக்கம் சரிவில் உள்ள காணி என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்க்காமல் போகவேண்டாம். இரத்மலானையில் ஒருமுறை விமானம் ஏறும் நேரத்தில் போய் நின்று பாருங்கள்.

கிணறும் மலசலகூடக் குழியும் 8 பேர்ச்சுக்குள் அடங்குமா?
— வாசகர், ஜா-எல

பெரும்பாலும் அடங்காது. இரண்டுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும், பக்கத்து வீட்டுக் குழியும் இந்தக் கணக்கில் சேரும். வாங்க முதல் நான்கு மதிலுக்கும் அப்பால் எட்டிப் பார்த்து அவர்களுடைய குழிகள் எங்கே என்று பிளானில் குறித்துக்கொள்ளுங்கள். நீர் மட்டம் உயர்ந்த இடத்தில் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, மாரிகாலத்தில் கழிவு மேலே வரும். குழாய்நீர் இணைப்பு ஒழுங்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிணறு செடிக்கும் கழுவுவதற்கும் போதும்.