சீனப் பீங்கான் வாங்குவோர் கேள்வி-பதில்

கே: அடியில் ஆறு சீன எழுத்து உள்ள நீல-வெள்ளை ஜாடியை இணைய ஏலத்தில் 85,000 ரூபாய்க்கு எடுத்தேன். 'மாபெரும் மிங் வம்சத்து ஷுவான்டே ஆட்சியில் செய்தது' என்று பொருளாம். மிங் காலத்துச் சாமான்தானே? – கோவை வாசகர்

ப: அந்த எழுத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மிங் பேரரசர் ஷுவான்டேயின் ஆட்சி 1426 முதல் 1435 வரை. பிறகு வந்தவர்கள் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சத்துப் பேரரசர் காங்ஷி காலத்தில் (1662–1722), பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெஜென் ஊர்க் குயவர்கள் ஷுவான்டே, செங்ஹுவா என்ற மிங் பேரரசர்களின் பெயர்களைத் தாராளமாகப் போட்டார்கள். பெரும்பாலும் பழைய வேலைப்பாட்டின் மேல் இருந்த மதிப்பு அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காங்ஷி பெயரையும் அப்படியே எழுதினார்கள். இதையெல்லாம் மறைத்து, ஆட்சிப் பெயரைப் பிறப்புச் சான்றிதழ்போல் காட்டி விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜாடியைக் கவிழ்த்து, கிளேஸ் (கண்ணாடிபோன்ற மேற்பூச்சு) படாத அடிவளையத்தைப் பாருங்கள். பழையதில் கிளேஸ் முடியும் ஓரத்தில் லேசான ஆரஞ்சு நிறம் ஓடியிருக்கும், சில இடங்களில் சூளை மணல் ஒட்டியிருக்கும். வளையம் முழுக்க ஒரே சீராகத் தேயிலைக்கறை நிறம் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஈரப்பஞ்சில் அது இறங்கினால் புதிதாகப் பூசிய அழுக்கு. தேய்மானக் கீறல் நாலா பக்கமும் தாறுமாறாக ஓட வேண்டும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை. கை போகாத இடுக்கிலும் பளபளப்பு மங்கியிருந்தால் அமிலத்தில் நனைத்திருப்பார்கள்.

அடுத்து நீலம். ஷுவான்டே காலத்தில் நீல நிறத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்த கோபால்ட் தாதுவில் இரும்பு அதிகம். நிறம் தேங்கிய இடத்தில் கருப்புப் புள்ளி கிளேஸுக்குள் இறங்கி, சாய்ந்த வெளிச்சத்தில் சிறு குழியாகத் தெரியும். போலியில் அந்தப் புள்ளியைத் தூரிகையால் வைப்பார்கள், அது தட்டையாக, வரிசையாக இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95ஆம் அறையில் சுமார் 1,700 உருப்படிகள் கொண்ட பெர்சிவல் டேவிட் சீனப் பீங்கான் தொகுப்பு இருக்கிறது. படங்கள் இணையத்திலும் உண்டு. அங்குள்ள இரு கோயில் ஜாடிகளின் கழுத்தில் காணிக்கை கொடுத்தவர் பெயர், கோயில், 1351ஆம் ஆண்டுக்குரிய தேதி எல்லாம் விரிவாக எழுதியிருக்கிறது. காலம் சொல்லும் எழுத்து என்றால் அது. 85,000 கொடுக்கும் முன் அடியின் படத்தையாவது கேட்டிருக்க வேண்டாமா?

கே: ரோஜா நிற எனாமல் போட்ட பழைய சீனக் கோப்பையில் டீ குடிக்கலாமா? – மதுரை

ப: வேண்டாம். அந்த எனாமலில் ஈயம் உண்டு.

கே: அப்பா ஓய்வூதியப் பணத்தில் 40,000 கொடுத்து லாங்சுவான் (சீனாவில் பச்சைப் பீங்கானுக்குப் பேர்போன ஊர்) பச்சைத் தட்டு வாங்கினார். 'உடைசல், ஒட்டு இல்லை' என்று ரசீதிலேயே இருக்கிறது. ஆறு மாதத்தில் விளிம்பில் மஞ்சள் பட்டை தெரிகிறது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார். – செங்கல்பட்டு வாசகி

ப: உங்கள் அப்பா மேல் ஒரு தவறும் இல்லை. கேட்டார், எழுத்தில் வாங்கினார். ஒட்டுப் போட்ட இடத்தை மறைக்கத் தெளித்த செயற்கைப் பூச்சு நாளாக நாளாக மஞ்சளாகும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் பெரும்பாலும் அந்தப் பகுதி தனியாகத் தெரியும். படம் எடுத்து வையுங்கள். அசிட்டோன் பஞ்சால் துடைத்துப் பார்க்காதீர்கள், ஆதாரம் கலைந்துவிடும். இப்படிப் பூசி மறைத்த தட்டுக்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன். விரலால் சுண்டியிருந்தால் மந்தமான சத்தமே காட்டிக்கொடுத்திருக்கும்.

கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அப்பா வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீதின் அந்த ஒரு வரிதான் உங்கள் பலம், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கே: பெய்ஜிங்கிலிருந்து ஒருவர் சியென்லாங் பேரரசர் காலத்து (18ஆம் நூற்றாண்டு) ஜாடியை நேரடியாக அனுப்புகிறேன் என்கிறார். ஏற்றுமதிப் பத்திரம் பிறகு வருமாம். – சென்னை

ப: 1911க்கு முந்திய தொல்பொருளை விற்பனைக்காக வெளியே அனுப்பச் சீனா அனுமதிப்பதில்லை. ஒன்று போலி, இல்லை கடத்தல். முன்பணம் கட்டாதீர்கள்.

கே: மூழ்கிப்போன டெக் சிங் என்ற சீனக் கப்பலில் எடுத்த கிண்ணம், ஏல ஸ்டிக்கரோடு 30,000 ரூபாய். நியாயமான விலையா? – சிங்கப்பூர்

ப: அதிகம். 1822இல் மூழ்கிய அந்தக் கப்பலிலிருந்து 1999இல் சுமார் 3,50,000 உருப்படிகள் எடுத்தார்கள். 2000இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஏலம் விட்டார்கள். இவ்வளவு இருப்பதால் சாதாரணக் கிண்ணம் அபூர்வம் இல்லை. ஸ்டிக்கரை எதன்மேலும் ஒட்டலாம், அதனால் ஏல ரசீதும் லாட் எண்ணும் (ஏலப் பட்டியல் எண்) கேளுங்கள். கடல் அரித்து கிளேஸ் மங்கிய கிண்ணத்துக்கு விலை இன்னும் குறையும்.