வியாழனின் நிலவுகள் கிரகணத்தில், அதாவது வியாழனின் நிழலுக்குள், மறையும் நேரத்தைக் குறித்தே அவற்றின் சுற்றைக் கணக்கிட முடியுமா? சிங்கப்பூர் வெளிச்சத்தில் இது நடக்கிற காரியமா?

நடக்கும். உங்களிடம் ஒரு சிறிய தொலைநோக்கி இருக்கிறது, இரண்டு முறை நிலாவைப் பார்த்துவிட்டுத் துணி போர்த்தி வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நகர வெளிச்சம் பால்வீதியைத்தான் விழுங்கும். வியாழனையும் அதன் நான்கு பெரிய நிலவுகளையும் ஒன்றும் செய்யாது. ஈசூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நின்று 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியால் பார்த்தவன் சொல்கிறேன்.

நான் வானியல் படித்தவன் அல்லன். 22 ஆண்டுகள் பேருந்து முனையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தாமதம் என்று எழுதுவதே பிழைப்பு. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் கை துறுதுறுத்தது.

2025 பிப்ரவரியில் தொடங்கினேன். டிசம்பர், ஜனவரி மழையில் இங்கே வானத்தை நம்பிப் பயனில்லை. முந்தைய டிசம்பரிலேயே பூமி சூரியனுக்கும் வியாழனுக்கும் நடுவே வந்து கடந்துவிட்டது. அதற்குப் பிறகு வியாழனின் நிழல் அதன் கிழக்குப் பக்கமாக நமக்குத் தெரியும். உள்நிலவான அயோ நிழலுக்குள் நுழைவதைப் பார்க்க முடியாது, வெளியே வருவதை மட்டுமே பார்க்கலாம். கிரகத்தின் விளிம்பை ஒட்டி, ஒன்றுமே இல்லாத கறுப்பில் ஊசிமுனை அளவு ஒரு பொட்டு தோன்றும். முழு ஒளி பெற மூன்றரை நிமிடம் ஆகும். நான் குறிப்பது அந்த முதல் பொட்டை. பெரிய தொலைநோக்கி அதைச் சற்று முன்னதாகவே காட்டிவிடும். ஆகவே கடைசி வரை ஒரே தொலைநோக்கி, ஒரே கண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு அரை மணி நேரம் வீணாய்ப் போனது. கிரகண நேர அட்டவணை உலகப் பொது நேரத்தில் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் நாம் எட்டு மணி நேரம் முன்னே இருக்கிறோம், ஆனால் என் தலைமுறைக்காரன் கைக்கு அதற்கு முன்பிருந்த ஏழரைதான் வருகிறது. ஏழரையைக் கூட்டிக்கொண்டு போய்க் காத்துக் கிடந்தேன். கைத்தொலைபேசியில் குரல் பதிவை ஓடவிட்டு, பொட்டு தெரிந்ததும் "அயோ!" என்று கத்தினேன். தேநீர்க் குடுவையோடு மேலே வந்துகொண்டிருந்த மனைவி, நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்துக் குடுவையைக் கீழே போட்டுவிட்டாள். பதிவில் அந்தச் சத்தமும் இருக்கிறது.

அயோவுக்கு ஒரு கிரகணத்திலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 42 மணி 28 நிமிடம் 36 விநாடி. நான்கு சுற்று முடிந்தால் ஒரு வாரமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரமும் ஆகியிருக்கும், அதனால் எல்லாச் சுற்றும் நம் இரவில் விழாது. ஒரு மாதத்தில், 17 சுற்றுகளில், எனக்கு நான்கு இரவுகள் கிடைத்தன. 17ஐச் சராசரியோடு பெருக்கிப் பார்த்தேன். அயோ நான்கு நிமிடத்துக்கும் சற்று மேல் தாமதமாக வந்திருந்தது.

கடிகாரத்தைச் சந்தேகித்தேன். என் கண்ணைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் தூக்கம் போனது. பிறகுதான் உறைத்தது: வண்டி சரியாகத்தான் ஓடுகிறது, நிறுத்தம்தான் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. பூமி வியாழனை விட்டு விலகும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒளி கூடுதல் தூரம் வரவேண்டும், சுற்றுக்குப் பதினான்கு விநாடிபோலத் தாமதம். (வியாழனின் பாதை நீள்வட்டம், அதனாலும் சில விநாடி சேரும். தெரியும். என் பிழையும் பத்துப் பதினைந்து விநாடி இருக்கும். திருத்த வருகிறவர்கள் பொறுத்தருள்க.)

பாரிஸில் இதைக் கண்டு சொன்னவர் டென்மார்க்கின் வானியலாளர் ஓலே ரோமர். 1676 நவம்பர் 9 மாலை 5 மணி 25 நிமிடத்தை ஒட்டி வரவேண்டிய அயோ பத்து நிமிடம் தாமதமாக வரும் என்று முன்கூட்டியே சொன்னார், அப்படியே வந்தது. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்பது அவர் கணக்கு. உண்மையில் 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியதே பெரிது.

இதைக் குடும்பக் குழுவில் போட்டேன். பொறியாளரான தம்பி மகன், "செயலியிலேயே எல்லா நேரமும் இருக்கிறதே பெரியப்பா, எதற்கு இந்த வேலை?" என்றான். மைத்துனி, "அப்படியே குருப்பெயர்ச்சி எப்போது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். செயலிக்கு அந்த நேரம் எங்கிருந்து வந்தது? யாரோ விழித்திருந்து எழுதியதிலிருந்துதான். 1891 முதல் 2007 வரை சேர்ந்த நோக்குகளை வைத்துத்தான், அயோ மிக மெல்ல வியாழனை நோக்கி உள்ளே நகர்கிறது என்று 2009இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எழுதி வைத்ததற்கு நம்மவர்கள் தரும் மதிப்பு எனக்குத் தெரியும். முனையத்தில் கணினி வந்த வாரமே, நான் நிரப்பிய குறிப்பேடுகள் அத்தனையும் காராங் கூனிக்காரரின் (பழைய சாமான் வாங்குபவரின்) தள்ளுவண்டியில் ஏறிவிட்டன. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பேன். சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

மற்ற நிலவுகள்: அயோ நான்கு சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு, கனிமீடு ஒன்று. கனிமீடுக்கு, நிழல் வியாழனை விட்டு நன்றாக விலகியிருக்கும் மாதங்களில், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம். கலிஸ்டோவை நம்பாதீர்கள், சில ஆண்டுகள் நிழலைத் தொடாமலே போய்விடும். அயோவில் தொடங்குங்கள், நேரத்தோடு எட்டைக் கூட்டுங்கள், பதினைந்து நிமிடம் முன்னதாகவே மேலே போய்விடுங்கள். எங்கள் கார் நிறுத்துமிடத்தில் மின்தூக்கி கடைசித் தளம் வரை போகாது. முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மாடி ஏறவேண்டும்.